நூறு வரை சொல்கிறான், ஐந்து கேட்டால் அள்ளிக்கொண்டு வருகிறான்

கேள்வி: எனக்கு ஒரே மகன். நாலரை வயது, யு.கே.ஜி. படிக்கிறான். தமிழிலும் இங்கிலீஷிலும் நூறு வரை நிற்காமல் சொல்வான். ஆனால் எண்ணிக்கை என்று வந்தால் ஒன்றும் தெரியவில்லை. எங்கள் வீட்டில் தறி ஓடுகிறது. மாமனார் தறியில் உட்கார்ந்துகொண்டு “அஞ்சு தார் எடுத்துட்டு வாடா” (தார் என்பது நூல் சுற்றிய சிறு குழல்) என்றால் இரண்டு கையிலும் அள்ளிக்கொண்டு போய்க் கொட்டுகிறான். ஒன்று, இரண்டு கேட்டால் மட்டும் சரியாகக் கொடுக்கிறான். போன வாரம் என் தம்பி வந்திருந்தபோது ஆறு காசுகளை ஒரு வரிசையாகவும், அதற்கு நேராக இன்னும் ஆறு காசுகளை இன்னொரு வரிசையாகவும் வைத்து, “ரெண்டும் சமமா?” என்று கேட்டான். சமம் என்றான். ஒரு வரிசையை இழுத்து நீட்டி வைத்துவிட்டு மறுபடி கேட்டதற்கு, “இதுலதான் நிறைய” என்று நீளமான வரிசையைக் காட்டினான். கண் முன்னால் நடந்ததுகூடப் புரியவில்லையே என்று எனக்கு அழுகை வந்துவிட்டது. “பையனுக்குப் புத்தி கொஞ்சம் மட்டு” என்கிறார் மாமனார். கணக்கில் வீக், டியூஷன் வையுங்கள் என்று பள்ளியில் சொல்கிறார்கள். ஒருநாள் கோபத்தில் அடித்தும்விட்டேன். மற்றபடி நன்றாகப் பேசுவான், எல்லாரோடும் விளையாடுவான். தட்டுவடை செட் வாங்கி வந்தால் ஆளுக்கு ஒன்றாக, ஒருவரையும் விடாமல் அவன்தான் கொடுப்பான். இவனுக்கு என்ன குறை? எங்கே கொண்டுபோய்க் காட்ட வேண்டும்?
— ஒரு தாய், அம்மாபேட்டை, சேலம்

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் உங்கள் மகனிடம் குறை எதுவும் எனக்குத் தெரியவில்லை. அவன் எண்களைக் கற்றுக்கொண்டிருக்கிறான். பாதி வழி வந்திருக்கிறான். பாதி வழியில் நிற்கும் பிள்ளை எப்படி நடந்துகொள்ளுமோ அப்படியேதான் நடந்துகொள்கிறான். அதற்கான சாட்சி எல்லாம் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. ஆனால் அவற்றை நீங்கள் குறைகளின் பட்டியலில் சேர்த்துவிட்டீர்கள், தட்டுவடை விஷயத்தைக் கடைசியில் போகிறபோக்கில் சொல்லிவிட்டீர்கள்.

நூறு வரை சொல்வதும் ஐந்து எடுத்துத் தருவதும் ஒரே அறிவு என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். இரண்டும் வேறு வேறு. உங்கள் மாமியாரிடம் இருபத்தேழு நட்சத்திரத்தையும் சொல்லச் சொல்லுங்கள். அசுவினி, பரணி, கார்த்திகை என்று மூச்சுவிடாமல் ரேவதி வரை வந்துவிடுவார். பதினான்காவது நட்சத்திரம் எது என்று கேட்டுப் பாருங்கள். அசுவினியிலிருந்து விரல்விட்டு எண்ணிக்கொண்டுதான் சித்திரைக்கு வந்து சேர முடியும். அசுவினிக்கு அடுத்தது பரணி என்பது நாக்குக்குத் தெரியும், எது எத்தனையாவது என்பது தெரியாது. உங்கள் மகனுக்கும் நாலுக்கு அடுத்தது அஞ்சு என்று நாக்குக்குத் தெரிந்திருக்கிறது. ‘அஞ்சு’ என்ற சொல்லுக்குள் சரியாக இத்தனை பொருள் இருக்கிறது என்பதுதான் இன்னும் பிடிபடவில்லை. நூறு வரை ஒப்பித்தது வீண் என்று சொல்லவில்லை, வரிசை தெரியாமல் எண்ண முடியாது. ஆனால் அது பாட்டு. எண் அதற்குப் பின்னால் மெதுவாக வருகிறது.

எவ்வளவு மெதுவாக என்பதைச் சொல்கிறேன். உங்கள் மாமனார் தெரியாமலே வீட்டில் நடத்திக்கொண்டிருப்பது குழந்தை உளவியலில் பேர்பெற்ற ஒரு சோதனை. கேரன் வின் என்ற அமெரிக்க உளவியலாளர் 1990-லும் 1992-லும் வெளியிட்ட ஆய்வுகளில் இதைத்தான் செய்தார். தாருக்குப் பதில் பொம்மைகள், அவ்வளவுதான். குவியலிலிருந்து ஒன்று கொடு, இரண்டு கொடு, மூன்று கொடு என்று சின்னப் பிள்ளைகளிடம் கேட்டார். இரண்டரை, மூன்று வயதில் ‘ஒன்று’ என்றால் ஒன்றைச் சரியாகக் கொடுக்கும் பிள்ளை, வேறு எந்த எண்ணைக் கேட்டாலும் ஒரு பிடி அள்ளிக் கொடுக்கும். சில மாதம் கழித்து இரண்டு சரியாக வரும், மற்றதெல்லாம் ஒரு பிடி. இன்னும் சில மாதத்தில் மூன்று. படியைத் தாண்டிக் குதிக்கிற பிள்ளை இல்லை. மூன்றோ நாலோ பிடிபட்ட பிறகு, ஐந்து, ஆறு, எட்டு எல்லாம் ஒரே மூச்சில் வந்துவிடும். முதல் படியிலிருந்து அங்கே போய்ச்சேர ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. அந்த வருடம் முழுக்கப் பிள்ளை பத்து வரை, இருபது வரை சத்தமாகச் சொல்லிக்கொண்டுதான் இருக்கும்.

இப்போது உங்கள் மகன் அள்ளிக்கொண்டு வரும் தாரைப் பாருங்கள். ஒரு தார் கேட்டால் அவன் அள்ளுவதில்லை. இரண்டு கேட்டாலும் அள்ளுவதில்லை. அஞ்சு என்றால் அது ஒன்று இல்லை, இரண்டும் இல்லை, அதைவிட நிறைய என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது. அதனால்தான் இரண்டு கையையும் நீட்டுகிறான். மூன்று கேட்டால் என்ன செய்கிறான் என்று நீங்கள் எழுதவில்லை, எனக்கு அதுதான் தெரிய வேண்டும்.

வயதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். இந்த மாதிரி ஆய்வுகளில் பல பிள்ளைகள் மூன்றரை, நாலு வயதை ஒட்டி இந்தக் கட்டத்தைத் தாண்டினார்கள். சிலர் இன்னும் தாமதமாக. உங்கள் மகன் வரிசையில் கொஞ்சம் பின்னால் நிற்கிறான் என்று வேண்டுமானால் சொல்லலாம். வரிசைக்கு வெளியே இல்லை.

என் அறையில் ஒரு எவர்சில்வர் டப்பாவில் புளியங்கொட்டை வைத்திருக்கிறேன். சில வருடங்களுக்கு முன் ஏற்காட்டில் காப்பித் தோட்ட வேலைக்குப் போகும் ஒரு தாய் தன் பெண்ணை அழைத்துக்கொண்டு வந்தார். அவரும் நீங்கள் எழுதிய அதே கவலையோடுதான் வந்தார். ஆறு கொட்டையை மேசையில் வைத்தேன். அந்தப் பெண் ஒவ்வொன்றாகத் தொட்டு, ஒன்றைக்கூட விடாமல், ஒண்ணு ரெண்டு மூணு என்று ஆறு வரை வந்தாள். “மொத்தம் எத்தனை கண்ணு?” என்றேன். மறுபடி முதலிலிருந்து தொட்டு எண்ணினாள். “சரி, எத்தனை இருக்கு?” என்றேன். மூன்றாவது தடவையும் எண்ணினாள், இந்த முறை கொஞ்சம் சத்தமாக, எனக்குக் காது சரியாகக் கேட்கவில்லையோ என்பதுபோல. அவளைப் பொறுத்தவரை ‘எத்தனை’ என்பது எண்ணச் சொல்லும் கட்டளை. கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தம் என்பது இன்னும் அவளுக்குக் கிடைக்கவில்லை. ரோச்சல் கெல்மன், ராண்டி கேலிஸ்டல் இருவரும் 1978-ல் வெளியிட்ட நூலில், எண்ணுவதற்கு அடிப்படையான விதிகளில் ஒன்றாக இதைச் சொன்னார்கள். நமக்கு இப்படி ஒரு விதி இருப்பதே நினைவில் இல்லை, அவ்வளவு சின்ன வயதில் கற்றுவிட்டோம். இரண்டு மாதம் கழித்து அந்தப் பெண் மறுபடி வந்தாள். அதே ஆறு கொட்டை. எண்ணி முடித்தாள். எத்தனை என்றேன். “ஆறு” என்று சொல்லிவிட்டு, உள்ளங்கையால் ஆறையும் சேர்த்து ஒரே பொருளைத் தள்ளுவதுபோல என் பக்கம் தள்ளினாள். இந்த ஒரு கணத்தை எத்தனையோ பிள்ளைகளிடம் பார்த்திருக்கிறேன். இன்றைக்கும் உடம்பு சிலிர்க்கும்.

உங்கள் மகன் ஆளுக்கு ஒரு தட்டுவடை என்று கொடுக்கிறானே, அது இந்த எண்ணிக்கையின் அடித்தளம். ஒரு ஆள், ஒரு செட், யாரும் விடுபடக்கூடாது, யாருக்கும் இரண்டு போகக்கூடாது. எண்ணும்போதும் இதே வேலைதான், ஒரு பொருளுக்கு ஒரு சொல். அவன் அதைக் கையால் செய்கிறான். வாயால் செய்வதும் கையால் செய்வதும் சேர வேண்டியதுதான் பாக்கி.

காசு விஷயத்துக்கு வருகிறேன். 1920-ஐ ஒட்டிய வருடங்களில் ழான் பியாஜே என்ற இளைஞர் பாரிசில் குழந்தைகளுக்கான அறிவுச் சோதனைகளைத் தரப்படுத்தும் வேலையில் இருந்தார். சரியான விடைகளைக் கூட்டி மதிப்பெண் போடுவதுதான் வேலை. அவரை இழுத்ததோ தவறான விடைகள். ஒரே வயதுப் பிள்ளைகள் ஒரே மாதிரி தவறு செய்கிறார்களே, அப்படியானால் அந்தத் தவறுக்குள் ஒரு யோசனை ஓடுகிறது என்று பிடித்துக்கொண்டார். பிறகு ஆயுசு முழுக்கப் பிள்ளைகளிடம் கேள்வி கேட்டு, பதிலைத் திருத்தாமல், “ஏன் அப்படிச் சொல்றே?” என்று கேட்டுக்கொண்டே இருந்தார். உங்கள் தம்பி செய்த காசுச் சோதனை அவருடையது. அலினா ஷெமின்ஸ்காவும் அவரும் சேர்ந்து 1941-ல் கொண்டுவந்த எண் பற்றிய நூலில் இருக்கிறது. ஆறு, ஏழு வயது வரை பெரும்பாலான பிள்ளைகள் நீளமான வரிசையைத்தான் காட்டுவார்கள். நாலரை வயதில் அதைச் சரியாகச் சொல்வதுதான் அபூர்வம். உங்கள் தம்பிக்கு இது தெரிந்திருந்தால் நீங்கள் அழுதிருக்க வேண்டாம்.

இதில் நான் இரண்டு விஷயத்தைச் சேர்த்துப் பார்ப்பேன். உங்கள் வீடு தறி வீடு. அங்கே நீளம் என்றால் அதிகம்தான். நாலு முழ வேட்டியைவிட எட்டு முழ வேட்டியில் துணி அதிகம். பிறந்ததிலிருந்து கண்ணால் பார்த்த உண்மையை அவன் காசுக்கும் போட்டுப் பார்க்கிறான். துணிக்குப் பொருந்துவது காசுக்கு ஏன் பொருந்தாது என்பதைத்தான் இனிமேல் கண்டுபிடிக்க வேண்டும்.

இரண்டாவது, கேள்வி கேட்ட விதம். உங்கள் தம்பி ஒரே கேள்வியை இரண்டு தடவை கேட்டிருக்கிறார். நம் வீட்டிலும் பள்ளியிலும் பெரியவர்கள் ஒரே கேள்வியை மறுபடி கேட்டால் என்ன அர்த்தம்? முதலில் சொன்னது தப்பு, மாற்றிச் சொல்லு என்று அர்த்தம். பிள்ளை மாற்றிச் சொல்கிறது. அதுவும் மாமா நிதானமாக ஒரு வரிசையை இழுத்து நீட்டி வைத்துவிட்டுக் கேட்கிறார் என்றால் அதில் ஏதோ காரணம் இருக்கும் என்று எந்தப் பிள்ளையும் நினைக்கும். எடின்பரோவில் ஜேம்ஸ் மெக்காரிகல், மார்கரெட் டொனால்ட்சன் இருவரும் 1974-ல் இதைச் சோதித்தார்கள். நாலிலிருந்து ஆறு வயது வரையான 80 பிள்ளைகள். வரிசையைப் பெரியவர் கலைப்பதற்குப் பதில், ஒரு குறும்புக்காரக் கரடி பொம்மை பெட்டியிலிருந்து பாய்ந்து வந்து கலைத்துவிட்டது. அப்போது பாதிக்கு மேற்பட்டவர்கள் இரண்டும் சமம் என்று சரியாகச் சொன்னார்கள். பெரியவர் இழுத்து வைத்தபோது சரியாகச் சொன்னவர்கள் மிகவும் குறைவு. ஆக, அந்தச் சோதனையில் பிள்ளையின் எண்ணறிவு மட்டும் வெளிப்படவில்லை, பெரியவர் மனதில் என்ன இருக்கிறது என்று பிள்ளை யூகிப்பதும் சேர்ந்து வெளிப்பட்டது. எனக்கு இது மனதைத் தொடும் விஷயம். காசைப் பார்ப்பதோடு நில்லாமல் நம் முகத்தையும் படித்துக்கொண்டிருக்கிறார்கள்.

அதனால்தான் அடியைப் பற்றி எழுதாமல் விட முடியவில்லை. நீங்கள் மனம் நொந்துதான் எழுதியிருக்கிறீர்கள், அதை நான் கூட்ட விரும்பவில்லை. ஆனால் எண்ணிக்கைக்காக அடி வாங்கிய பிள்ளை எண்ணுவதை நிறுத்தாது, நமக்குத் தெரியாமல் எண்ணும். மேசைக்கு அடியில் விரலை மறைத்துக்கொண்டு எண்ணும் பிள்ளைகளை வாராவாரம் பார்க்கிறேன். மறைத்துவிட்டால் எந்தப் படியில் தடுக்கிறது என்று நமக்குத் தெரியாமல் போய்விடும். ஒருநாள் அவனைப் பக்கத்தில் உட்காரவைத்து, “அம்மா அன்னைக்கு அடிச்சது தப்புடா” என்று சொல்லிவிடுங்கள். நாலரை வயதுக்கு அது நன்றாகப் புரியும். விரல்விட்டு எண்ணினால் தடுக்காதீர்கள். பள்ளியில் தடுத்தாலும் வீட்டில் தடுக்க வேண்டாம்.

டியூஷனும் அபாகஸ் வகுப்பும் இப்போது வேண்டாம். அங்கே பாட்டு இருநூறு வரை நீளும், அவ்வளவுதான். உங்கள் வீட்டில் இருப்பதே போதும். சிகாகோ பல்கலைக்கழகத்தின் சூசன் லெவைனும் அவருடைய குழுவும் 44 குடும்பங்களின் வீட்டுப் பேச்சைப் பதிவு செய்தார்கள், குழந்தைக்கு 14 மாதம் ஆனதிலிருந்து 30 மாதம் வரை. மொத்தம் ஏழரை மணி நேரப் பதிவில் ஒரு வீட்டில் எண்ணைக் குறிக்கும் சொல் 4 தடவை வந்தது, இன்னொரு வீட்டில் 257 தடவை. எண்ணை அதிகம் கேட்டு வளர்ந்த குழந்தைகள் 46 மாதத்தில் ‘அஞ்சு’ என்றால் எவ்வளவு என்பதை நன்றாக அறிந்திருந்தார்கள். 2010-ல் வந்த ஆய்வு இது. அடுத்த வருடம் அதே குழு இன்னும் நுணுக்கிப் பார்த்தபோது, கண்ணெதிரே இருக்கும் பொருளைக் காட்டிச் சொன்ன எண்தான் உதவியது என்று தெரிந்தது, முக்கியமாக நாலு முதல் பத்து வரையான எண்கள்.

ஆகவே எண்ணைச் சொல்லும்போது கையில் பொருள் இருக்கட்டும். இட்லி வைக்கும்போது “மூணு இட்லி. ஒண்ணு, ரெண்டு, மூணு” என்று மொத்தத்தை முதலில் சொல்லிவிட்டு உடனே எண்ணிக் காட்டுங்கள். இந்த வரிசை முக்கியம். வெறுமனே எண்ணுவதைவிட, வெறுமனே மொத்தத்தைச் சொல்வதைவிட, இரண்டையும் ஒட்டிச் சொல்வதுதான் பிள்ளைகளுக்குப் பிடிபடுகிறது என்று 2012-ல் வந்த ஓர் ஆய்வும் காட்டியது. கேள்வியாகக் கேட்டுக்கொண்டே இருக்காதீர்கள். பத்து தடவை நீங்கள் சொன்னால் ஒரு தடவை கேளுங்கள்.

பொருளைத் தொட்டு எண்ணும்போது தமிழிலேயே எண்ணட்டும். பள்ளிக்காக இங்கிலீஷ் எண்ணும் வரட்டும், அது தனி. தமிழில் பதினொன்று என்றாலே பத்தும் ஒன்றும் காதில் விழுகின்றன. ‘லெவன்’ என்பதில் எதுவும் விழுவதில்லை. நம் எண்களில் தொண்ணூறு போன்ற ஒரு சில இடத்தில்தான் வழுக்கும். அப்புறம், என்றாவது அவன் இருபத்தொன்பதுக்கு அடுத்து “இருபத்திப் பத்து” என்றால் சிரிக்காதீர்கள், சந்தோஷப்படுங்கள். யாரும் சொல்லித்தராத சொல் அது. விதியைத் தானே கண்டுபிடித்து உண்டாக்கியிருக்கிறான்.

பரமபதம் வாங்கி வையுங்கள். ராபர்ட் சீக்லரும் கீதா ரமணியும் 2008-ல் ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளை ஒன்று முதல் பத்து வரை கட்டம் போட்ட ஒரு அட்டையில் விளையாட வைத்தார்கள். இரண்டு வாரத்தில் நாலு தடவை, தடவைக்குப் பதினைந்து நிமிடம். அதற்கே எண்ணறிவில் நல்ல முன்னேற்றம் தெரிந்தது. எண்கள் ஒரு பாதைபோல வரிசையாக நிற்பதை உடம்பால் உணர்வதுதான் அதில் விஷயம். அடுத்த முறை ஏற்காட்டுக்குப் பஸ்ஸில் போனால் ஜன்னல் ஓரம் உட்காரவையுங்கள். இருபது கொண்டை ஊசி வளைவு, வளைவுக்கு வளைவு எண் பலகை. “இது ஏழு, அடுத்த பலகையில என்ன வரும்?” என்று கேட்டுக்கொண்டே போனால், அதைவிட நல்ல பரமபத அட்டை கிடையாது.

எல்லாவற்றையும்விட எனக்கு உங்கள் மாமனார் மேல்தான் நம்பிக்கை. அவருக்கு நாள் முழுக்கத் தார் வேண்டும், பேரனுக்கு ஓடிப்போய் எடுத்து வரப் பிடிக்கிறது. புத்தி மட்டு என்ற பேச்சை மட்டும் பேரன் காதுபட வேண்டாம் என்று பக்குவமாகச் சொல்லுங்கள். அஞ்சு கேட்பதைக் கொஞ்ச நாள் நிறுத்தச் சொல்லுங்கள். இரண்டு சரியாக வருகிறது, ஆகவே மூன்று கேட்கட்டும். அள்ளிக்கொண்டு வந்தால், “இங்க வா, தாத்தாவுக்கு மூணு போதும்” என்று மடியில் மூன்றை வரிசையாக வைத்துக் காட்டிவிட்டு, மீதியை அவன் கையிலேயே திருப்பிக் கொடுக்கட்டும். மூன்று நிலைத்த பிறகு நாலு. தனியாகச் செய்ய முடியாததைப் பெரியவர் துணையோடு செய்ய முடிகிற அந்த அடுத்த படியில்தான் கற்றல் நடக்கிறது என்று ரஷ்ய உளவியலாளர் லெவ் வைகாட்ஸ்கி எழுதினார். 1934-ல், 37 வயதிலேயே இறந்துபோனவர். தறிக்கும் அலமாரிக்கும் நடுவே உங்கள் வீட்டில் அந்தப் படி தயாராக இருக்கிறது.

எங்கே காட்டுவது என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போதைக்கு எங்கும் வேண்டாம். கண்ணும் காதும் ஒரு தடவை சோதித்துக்கொள்ளுங்கள், எல்லாப் பிள்ளைக்கும் அது நல்லது. முன்பு செய்துகொண்டிருந்ததை மறக்கத் தொடங்கினால், பேச்சு குறைந்தால், சொன்னது புரியாமல் விழித்தால் தாமதிக்காமல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவுக்குப் போங்கள். கணக்கு வராத குறைபாடு என்று ஒன்று உண்டுதான், ஆனால் நாலரை வயதில் அந்த முத்திரையை யாரும் குத்த முடியாது. பள்ளியில் மறுபடி வீக் என்று சொன்னால், “மூணு பென்சில் எடுத்துத் தரச் சொன்னா என்ன செய்யறான் மிஸ்?” என்று கேட்டுப் பாருங்கள். அவர்களும் கவனிக்கத் தொடங்குவார்கள்.

ஒரு நோட்டுப் புத்தகத்தில் தேதி போட்டு, எத்தனை தார் கேட்டீர்கள், எத்தனை கொண்டுவந்தான் என்று வாரம் ஒரு தடவை குறித்து வையுங்கள். அன்றைக்கு அவன் என்ன சொன்னான் என்பதையும் அவன் சொன்ன சொல்லிலேயே எழுதுங்கள். தை பிறந்ததும் அந்தப் பக்கங்களைப் பிரதி எடுத்து எனக்கு அனுப்புங்கள். நாலு தார் கேட்டு நாலு வந்த நாள் எது என்று பார்க்க ஆசையாக இருக்கிறது.